சுவர் தாண்டாத டெல்மார்

டெல்மார் கதவைத் தட்டிக்கொண்டிருந்தார். கதவு இல்லை. கராஜின் சிமெண்டுத் தரையில் நீல டேப்பு ஒட்டிய ஒரு சின்னக் கட்டம்தான் இருந்தது. அதற்குள் கவிழ்த்த வாளியின்மேல் அவர் மனைவி ஆர்லிஸ் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தாள். டெல்மார் காற்றில் விரலை மடக்கி, "டொக் டொக்" என்று வாயால் சத்தமும் கொடுத்தார்.

"ஆள் இருக்கு!"

"இன்னும் எவ்ளோ நேரம்?"

"அவசரம்னா ஏரிக்கரைப் பக்கம் போ."

சர்ச் தோழி வெர்னா தன் டிரெய்லர் வீட்டை விற்கிறாள். காருக்குப் பின்னால் மாட்டி இழுத்துப் போகலாம். கட்டில், அடுப்பு, கக்கூஸ் எல்லாம் உள்ளேயே உண்டு. ஒரு ஜனவரியையாவது பனி அள்ளாமல் அரிசோனா பாலைவன வெயிலில் கழித்துவிட வேண்டும் என்பது ஆர்லிஸின் ஆசை. ஞாயிற்றுக்கிழமைக்குள் பதில் சொல்லாவிட்டால் வெர்னா வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவாள். டெல்மாரைக் கேட்டால், "பார்ப்போம்" என்கிறார்.

எங்கள் மின்னசோட்டா மாநிலத்துக்காரர்கள் 'ஆமாம்' என்ற சொல்லைச் சிக்கனமாகச் செலவழிப்பவர்கள். டெல்மார் அதைத் தொட்டதே இல்லை. அவர் கல்யாணத்துக்கு நான் போயிருந்தேன். "இவளை மனைவியாக ஏற்கிறாயா?" என்று பாதிரியார் கேட்டார். "மோசமில்ல" என்றார் டெல்மார். பாதிரியாரும் மின்னசோட்டாக்காரர், அதனால் கல்யாணம் நடந்தது.

ஆகவே ஆர்லிஸ் வெர்னாவின் வண்டியை அளந்து வந்து, அதே அளவில் கராஜ் தரையில் டேப்பு ஒட்டிவிட்டாள். "மூணு நாள் இதுக்குள்ள குடித்தனம். கொலை விழலேன்னா வாங்குவோம்" என்றாள். டேப்புதான் சுவர். தாண்டக் கூடாது.

பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வுபெற்றவர் டெல்மார். நடைவழியில் ஒருவர்தான் போக முடியும் என்பதால், மனைவிக்கு வழிவிட்டுப் பின்வாங்கும்போதெல்லாம் "பீப், பீப்" என்பார். முதல் நாளே தூண்டில்களையும் புல்வெட்டும் இயந்திரத்தையும் உள்ளே கொண்டுவந்து வைத்தார்.

"அரிசோனாவுல ஏதுய்யா புல்லு?"

"போய்ப் பார்த்தாத்தானே தெரியும்."

மெத்தையை விரித்துப் படுத்துப் பார்த்தார்கள்.

"டெல்மார்! உன் காலு சுவத்தைத் தாண்டி ரோட்டுல கிடக்கு!"

"வண்டி நின்னுட்டுத்தானே இருக்கு?"

"அம்பது மைல் வேகத்துல ஓடிட்டிருக்கு!"

பதறிப்போய் முழங்காலை மடக்கிக்கொண்டார்.

புழுக்கத்துக்காகக் கராஜ் கதவைத் திறந்தே வைத்திருந்தார்கள். தெரு முழுக்க நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டது. தபால்காரர் டேப்புக்கு வெளியே நின்று அழைப்புமணியைத் தேடினார். கனடாவுக்குப் பறந்துகொண்டிருந்த வாத்துக்கூட்டம் ஒன்று கீழே இறங்கி, முடிவு தெரியாமல் கிளம்ப மறுத்தது. எதிர்வீட்டிலிருந்து நானே பார்த்தேன். நம்பாவிட்டால் வாத்துகளைக் கேளுங்கள்.

மூன்றாம் நாள் சர்ச் முடிந்த கையோடு வெர்னா வந்து நின்றாள். "என்னடி ஆர்லிஸ், வேணுமா வேணாமா?"

வீட்டுக்கு வந்தவர்களுக்குக் காபி கொடுக்காமல் இருக்க டெல்மாரால் முடியாது. சட்டென்று எழுந்து, அடுப்புப் பக்கத்துச் சுவருக்குள் நேராகப் புகுந்து வீட்டுச் சமையலறைக்குப் போய்விட்டார்.

தெரு மூச்சை இழுத்தது. ஆர்லிஸின் முகம் வாடிப்போயிற்று.

"பார்த்தியா? அடுப்பையே மிதிச்சிட்டுப் போகுது மனுஷன். மூணு நாளா எனக்காக விளையாடிட்டு இருந்திருக்கு, அவ்வளவுதான். வேற ஆளுக்கே குடுத்துடு, வெர்னா."

முழங்காலிட்டு, டேப்பின் ஒரு முனையை நகத்தால் கிள்ளி உரிக்கத் தொடங்கினாள்.

டெல்மார் மூன்று கோப்பைக் காபியோடு திரும்பி வந்தார். அடுப்புச் சுவருக்கு முன்னால் வந்ததும் நின்றார். கீழே பார்த்தார். பிறகு காபி சிந்தாமல் வண்டியை முழுக்கச் சுற்றிக்கொண்டு வாசல் பக்கம் வந்தார். சிமெண்டில் இரண்டு காலையும் தேய்த்துத் துடைத்தார். அந்த வாசலுக்கு இரண்டு துண்டு டேப்புதான். நிலைக்கு உயரம் யாரும் போட்டிருக்கவில்லை. ஆறடி நான்கு அங்குல மனிதர், இடித்துக்கொள்ளாமல் தலையை நன்றாகக் குனிந்து உள்ளே போனார்.