தொலைந்துபோன ‘போயிட்டு’

டவர் இல்லாத இடத்தில் செல்போன்கள் தமக்குள்ளேயே கைமாற்றிக் கைமாற்றிப் பேச்சைக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். அதற்கு வழி கண்டுபிடிப்பதுதான் என் முனைவர் பட்ட ஆராய்ச்சி. நாமக்கல் பக்கம் ஒரு பொறியியல் கல்லூரியில் பாடம் எடுத்துக்கொண்டு, அஸ்தம்பட்டியிலிருந்து தினமும் பஸ்ஸில் போய்வந்தபடி அதை ஏழு வருடம் இழுத்தேன். கம்ப்யூட்டருக்குள் எல்லாம் ஒழுங்காக நடந்தது. திரையில் புள்ளிகள் இங்குமங்கும் ஓடும், ஒரு வழி அறுந்தால் இன்னொன்று கிடைக்கும். ஆய்வுக் குழுவிலிருந்த பேராசிரியர் அதையெல்லாம் புரட்டிப் பார்த்துவிட்டு, நிஜ மனிதர்கள் நடமாடும் இடத்தில் ஒரே ஒரு பேச்சைக் காட்டச் சொன்னார். பதிவுக் காலம் முடிய ஆறு மாதம் இருந்தது. இனி நீட்டிப்பு கிடையாது.

அண்ணனின் கோழிப்பண்ணையைப் பிடித்தேன். நீளக் கொட்டகைகள், கம்பிக் கூண்டுகள், தகரக் கூரை. ரேடியோ அலைக்கு இதைவிடக் கெட்ட இடம் இல்லை. அதனாலேயே வீம்பாக அதைத் தேர்ந்தெடுத்தேன். சிம் கழற்றிய நான்கு போன்கள். முட்டை அறையில் என்னிடம் ஒன்று, கடைசிக் கொட்டகையில் முட்டை பொறுக்கும் அக்காவிடம் ஒன்று. இடையில் தீவன வண்டி தள்ளுகிறவர் சட்டைப்பையில் ஒன்று, தண்ணீர்க் குழாய் பார்க்கிறவரிடம் ஒன்று. அக்கா பேசுவது இந்த இருவரில் யாரோ ஒருவர் வழியாக என்னிடம் வந்து சேர வேண்டும்.

பேராசிரியர் வந்த அன்று முதலில் குரல் கணீரென்று கேட்டது. அக்கா பேசிக்கொண்டே எங்களை நோக்கி நடந்து வருவதாக ஏற்பாடு. சற்றுக் கரகரப்பு. அப்புறம் “அம்மணி... வாரேனுங்க” என்று வந்தது. இதோ வருகிறார் என்று பேராசிரியரிடம் பெருமையாகச் சொன்னேன். யாரும் வரவில்லை, குரலும் வரவில்லை. அரை மணி நேரம் முட்டை அட்டைகளுக்கு நடுவில் அவரை உட்கார வைத்திருந்தேன். காலக்கெடுவுக்குள் இன்னொரு முறை காட்டுங்கள், இல்லாவிட்டால் என்னால் கையெழுத்துப் போட முடியாது என்று தணிந்த குரலில் சொல்லிவிட்டு அவர் கிளம்பினார்.

அக்கா ஈரச் சேலையோடு திரும்பி வந்ததும் பாய்ந்தேன். எனக்கு மூக்குக்கு மேலே கோபம் வரும். வருகிறேன் என்று சொல்லிவிட்டு எங்கே போனீர்கள் என்று எல்லோர் முன்னாலும் கத்தினேன்.

“சொல்லிட்டுத்தானுங்க போனேன், அம்மணி. சொல்லிக்காமப் போற பழக்கம் எனக்கில்லீங்க” என்றார். போனை அட்டைமேல் வைத்தார். மறுநாள் அதைத் தொடவே இல்லை.

அண்ணனுக்கு என்னைப் பார்க்கப் பாவமாக இருந்தது. “உடு சாமி, பட்டம் இல்லாட்டி சோறு எறங்காதா?” என்றார். எறங்காது என்றேன்.

அக்காவின் போனில் அவர் பேசியது பதிவாகியிருக்கும் என்பது மூன்றாம் நாள்தான் எனக்கு உறைத்தது. போட்டுக் கேட்டேன். “அம்மணி, கொழாயில ஆத்துத்தண்ணி உட்டுட்டாங்க, ஊட்டுக்குப் போயிட்டு வாரேனுங்க.” எங்கள் பக்கம் கிளம்புகிற யாரும் ‘போறேன்’ என்று சொல்வதில்லை. வந்தாலும் வாரேன், போனாலும் வாரேன். இரண்டையும் பிரிப்பது ‘போயிட்டு’ என்கிற ஒரு சொல். அதைத்தான் என் நெட்வொர்க் விழுங்கியிருந்தது. வெட்கத்தில் காது சுட்டது.

கணக்கெடுத்தால் குரலில் தொலைந்தது கொஞ்சம்தான். சராசரி பிரமாதம். ஆனால் தொலைந்ததெல்லாம் ஒரே நேரத்தில், தீவன வண்டி கொட்டகைக்குப் பின்னால் திரும்பியபோது தொலைந்திருந்தது. வண்டிக்காரரின் போன் எட்டாத இடத்துக்குப் போய்விட்டது என்பது பக்கத்து போன்களுக்கு மூன்று முறை கூப்பிட்டுப் பதில் வராத பிறகே தெரியும். அதுவரை அக்காவின் குரலை அது இருந்த திசையில் எறிந்துகொண்டே இருந்திருக்கின்றன. சொல்லிக்காமல் போனது அந்த போன், அக்கா இல்லை.

ஆகவே சிக்னல் மெலியத் தொடங்கும்போதே, காது கேட்கிற தூரத்தில் இருக்கும்போதே, போன் சொல்லிக்கொண்டு கிளம்ப வேண்டும். மற்றவை அதற்குள் வேறு வழி பார்த்துக்கொள்ளும். இதைப் பலர் முன்பே எழுதியிருக்கிறார்கள். நானும் படித்துவிட்டுத் தாண்டிப் போனவள்தான். புரோகிராமை மாற்றினேன். தகரக் கூரைக்கு அடியில் ஆள் சும்மா நின்றாலும் சிக்னல் ஏறி இறங்கியது. போன் நிமிடத்துக்கு ஒருமுறை விடைபெற்று, வாசல்வரை போய்த் திரும்பி வரும் விருந்தாளியைப் போல உயிரை வாங்கியது. சிக்னல் எத்தனை முறை இறங்கினால் போன் நிஜமாகவே கிளம்புகிறது என்று அறிய நோட்டோடு தீவன வண்டிக்குப் பின்னால் வாரக்கணக்கில் நடந்தேன். என்மேல் அடித்த கோழி நாற்றத்தில், சாயங்கால பஸ்ஸில் என் பக்கத்து சீட் எப்போதும் காலியாகவே இருந்தது. நான் விடுவதாக இல்லை. கடைசியில் அந்தக் கணக்கு பிடிபட்டது.

அக்காவிடம் போய்ப் பதிவைப் போட்டுக் காட்டி, தப்பு என்னுடையது என்றேன். அவர் கையிலிருந்த முட்டைகளை அடுக்கி முடித்தார். பிறகு கையைத் துடைத்துவிட்டு போனை வாங்கிக்கொண்டார். “இந்தத் தடவ ஒழுங்காக் கேளுங்க” என்றார்.

பேராசிரியர் மறுபடி வந்தார். அதே நாற்காலி. அக்கா பேச ஆரம்பித்தார். தீவன வண்டி கொட்டகைக்குப் பின்னால் திரும்பியது.

“அம்மணி, எல்லாங் கேட்டுச்சுங்களா? ஊட்டுக்குப் போயிட்டு வாரேனுங்க.”

ஒரு எழுத்துக்கூடச் சிந்தவில்லை. பழைய ஞாபகத்தில் பேராசிரியர் சிரித்துக்கொண்டே, இப்போது அவர் வருகிறாரா போகிறாரா என்று கேட்டார்.

“போறாங்க சார்” என்றேன். “சொல்லிட்டுப் போறாங்க.”