மடிக்காத தாள்களில் ஒரு இளவரசன்

மகளுக்கு வாங்கிய தடித்த நாவலைப் பிரித்ததும் வந்த மை வாசம், சிவகாசியில் இப்போது கார் நிறுத்துமிடமாகிவிட்ட அந்த அச்சாபீசுக்கு என்னைக் கொண்டுபோய்விட்டது. அங்கே அம்மா பைண்டிங்கில் தாள் மடிப்பாள். பள்ளிக்கூடம் விட்டதும் நான் போய், மிஷின் தடதடக்க, பசைச்சட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, மடிக்காத பெரிய தாள்களில் முன்பின்னாகவும் தலைகீழாகவும் கிடந்த பக்கங்களைக் கழுத்தைத் திருப்பித் திருப்பி வாசிப்பேன். போரில் செத்தவன் அடுத்த பக்கத்தில் பிறப்பான். மந்திரவாதி யார் கட்சி என்றே புரியாது. ஒரு நாள் வாசித்த பக்கத்தில், குயவன் வீட்டில் வளர்ந்த பையன்தான் இளவரசன் என்று இருந்தது.

"நானும் ஒன் பிள்ளை இல்லையாம்மா?" என்று விளையாட்டாகக் கேட்டேன்.

அம்மாவின் கை நின்றது. "யாரு சொன்னா?"

நான் வாய் திறப்பதற்குள் அவளே சொன்னாள்: "ஒன்னப் பெத்தவ என் தங்கச்சி. நீ கைப்பிள்ளையா இருக்கையில பட்டாசுக் கம்பெனி வெடியில போயிட்டா. அன்னையில இருந்து நீ என் பிள்ளை."

"கதையிலதாம்மா வாசிச்சேன்" என்றேன். அவள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

வீட்டுக்கு நடக்கையில், அவளை அம்மா என்பதா பெரியம்மா என்பதா என்று தெரியாமல், எதுவும் கூப்பிடாமல் அவள் விரலை மட்டும் பிடித்துக்கொண்டேன்.