பதினாலாம் பக்கத்துப் பென்சில்

என் நாத்தனாருக்குப் பொறுமை என்பது மருந்துக்கும் கிடையாது. அப்படிப்பட்டவள் ஆவணக் காப்பகத்தில் முப்பது வருஷமாகக் கிழிந்த காகிதம் ஒட்டுகிறாள். அங்கே மூச்சைக்கூட அளந்து விடுவாள். வீட்டுக்கு வந்ததும் என்னோடு மல்லுக்கு நிற்பாள். "பசைக்காரி வந்துட்டா, வாயை மூடிக்கோ" என்று என் கணவர் சிரிப்பார்.

அந்த மனிதர் போருக்குப் போய்ப் பிடிபட்டார். சமாதான ஒப்பந்தம் கையெழுத்தானபோது கைதிகளைப் பற்றி அதில் ஒரு வரி இல்லை. எதிரி ஒத்துக்கொள்ளவில்லை என்று, பேச்சுவார்த்தைக்குப் போன அமைச்சர் வானொலியில் தழுதழுத்தார். சிறையிலிருந்து ஒரு கடிதம் வந்ததோடு சரி, அவர் திரும்பவில்லை. பத்தொன்பது வருஷம் அந்த நாட்டுக்காரனை வாயில் வந்தபடி சபித்தேன்.

போன மாதம் அமைச்சர் ஒப்பந்தத்தின் தன் சொந்தப் பிரதியைக் காப்பகத்துக்குத் தூக்கிக் கொடுத்தார். பேச்சுவார்த்தையில் கையில் வைத்திருந்த வரைவையும் அதோடு சேர்த்துத் தைத்திருந்தார்கள். புரட்டிப் பார்த்தா கொடுத்தான் அந்த ஆள்? எழுதியதையே மறந்திருப்பான். கண்காட்சிக்காகச் சுத்தம் செய்ய அது என் நாத்தனாரின் மேஜைக்கு வந்தது.

பதினாலாம் பக்கத்தில் எதிர்த்தரப்பே எழுதிக் கொடுத்த வாசகம்: இரு நாடுகளும் எல்லாக் கைதிகளையும் முப்பது நாளில் விடுவிக்கும். ஓரத்தில் அமைச்சரின் பென்சில்: "வேண்டாம். அவர்கள் ஆட்களை நாமும் விடவேண்டி வரும். தேர்தலுக்கு முன் முடியாது."

காப்பக இயக்குநர் அதைப் பார்த்ததும் அறைக் கதவைச் சாத்தினார்.

"அந்தக் கிறுக்கலை அழிச்சிடுங்கம்மா."

"அழிக்கலாம் சார். எதை அழிக்கணும்னு ஒரு எழுத்து விடாம படிவத்துல எழுதி, கையெழுத்துப் போட்டுக் கொடுங்க. விதி அதுதான்."

அவசரத்தில் அந்தப் புத்திசாலி முழு வாசகத்தையும் பேனாவால் எழுதி, கையெழுத்துப் போட்டு, முத்திரையும் குத்தினார். விதிப்படி அந்தப் படிவம் ஆவணத்தோடுதான் இருக்கவேண்டும். யார் கேட்டாலும் காட்டவேண்டும். பென்சிலை யார் அழித்தாலும் இனி அந்த வாசகம் அழியாது. அவளும் அழிக்கவில்லை.

படிவத்தின் நகலோடு வீட்டுக்கு வந்தாள். "அண்ணி, உட்காருங்க, அப்புறம் படிங்க" என்றாள். படித்தேன். கையில் இருந்த தட்டைச் சுவரில் எறிந்தேன். எப்போதும் என்னைத் திட்டுகிறவள் அன்றைக்குச் சில்லுகளைப் பெருக்கினாள். பிறகு தொலைபேசியை எடுத்து, திரும்பாத கைதிகளின் வீடுகளை ஒவ்வொன்றாகக் கூப்பிட்டாள்.

கண்காட்சித் திறப்பு விழாவில் முன்வரிசையில் அமைச்சர், கைதிகளின் குடும்பங்களான எங்களுக்குப் பின்வரிசை. திரையை விலக்கினார்கள். கண்ணாடிப் பெட்டிக்குள் பதினாலாம் பக்கம் விரிந்திருந்தது, பக்கத்தில் படிவம். நாங்கள் எழுந்து பெட்டியைச் சூழ்ந்துகொண்டோம்.

"கையெழுத்துப் போட்ட பக்கத்துக்குத் திருப்பி வைங்க" என்று அமைச்சர் உறுமினார். "யாரு இதைத் திறந்தது?"

"நான்தான்" என்றாள் என் நாத்தனார். "இதுல நீங்க கைகழுவினது எங்க அண்ணனை."

"அது தேர்தல் நேரம்மா. உனக்கு அரசியல் புரியாது."

நான் வாயைத் திறப்பதற்குள் அவள் கேட்டுவிட்டாள்:

"தேர்தல்ல ஜெயிச்சீங்களே. ஜெயிச்சு எட்டு மாசம் கழிச்சும் எங்க அண்ணன் சிறையிலிருந்து கடிதம் போட்டாரு. உயிரோடதான் இருந்தாரு. அப்பவாவது ஏன் கேட்கலை?"

அமைச்சர் தன் காரோட்டியைத் தேடினார்.