மெயினை இறக்கிய மத்தியானம்

என் வீட்டுக்காரர் முத்து முகம்மதுவைப் பற்றிச் சொல்லவேண்டுமானால் அந்தப் பேட்டரியில்தான் ஆரம்பிக்கவேண்டும். ஸ்ரீவில்லிபுத்தூரில் கல்யாண வீடியோ எடுப்பது அவர் தொழில். சவூதியிலிருந்து என் அண்ணன் கொண்டுவந்து கொடுத்த கேமராவும், அதன் பின்பக்கம் மாட்டுகிற பேட்டரியும்தான் எங்களுக்குச் சோறு போட்டன. பெற்ற பிள்ளைகளைக்கூட அவர் அப்படிக் கவனித்ததில்லை. பாதி தீர்ந்ததும் சார்ஜ் போட்டால் பேட்டரி அந்தப் பாதியோடு பழகிப்போய்விடுமாம். அதனால் ஒவ்வொரு கல்யாணத்துக்கும் முதல் நாள் காலையில் கேமராவைச் சும்மா ஓடவிட்டு, பேட்டரியை ஒட்டத் தீர்த்துவிட்டுத்தான் சார்ஜரில் வைப்பார். நாலு மணி நேரம் ஆகும். சிவப்பு விளக்கு அணைந்தால் நிரம்பிவிட்டது என்று அர்த்தம்.

எனக்கும் ஒரு பழக்கம் உண்டு. வீட்டைப் பூட்டிவிட்டு எங்கே போனாலும் கரண்ட் மெயின் சுவிட்சை இறக்கிவிட்டுத்தான் போவேன். சின்ன வயதில், அயர்ன் பாக்ஸை மறந்துவிட்டுப் போன பக்கத்து வீடு எரிந்ததைக் கண்ணால் பார்த்தவள் நான்.

"மெயினைத் தொடாதட்டின்னு எத்தன தடவ சொல்லுதேன், மண்டையில ஏறுதா?" என்று அவர் கத்துவார்.

"உங்க பேட்டரிக்காக நாங்க வெந்து சாகணுமாக்கும்?" என்று நானும் கத்துவேன். ஹபீபுன்னிசாவுக்கு வாய் நீளம் என்று தெருவுக்கே தெரியும். அதை மறைத்து என்ன ஆகப்போகிறது?

தொண்ணூற்றிரண்டாம் வருஷம் ஆவணியில் மம்சாபுரம் வெள்ளத்தாயின் மகள் சந்தனத்துக்குக் கல்யாணம். வெள்ளத்தாயின் மகன் வீரணன் பட்டாளத்தில் இருந்தான். தகப்பன் இல்லாத வீட்டில் தங்கச்சியைத் தூக்கி வளர்த்தவன். அவள் கல்யாணத்துக்கு அவனுக்கு லீவு கிடைக்கவில்லை. 'அண்ணே, தாலி கட்டுறத மட்டும் விட்டுராதிய. லீவுல வந்து அதத்தான் பாக்கணும்' என்று இவருக்குக் கடிதம் எழுதியிருந்தான். அந்தக் கடிதத்தை இவர் சட்டைப்பையிலேயே வைத்துக்கொண்டு திரிந்தார். தாலி கட்டுவது கண்மாய்க்கரைக் கோயிலில். அங்கே கரண்ட் கிடையாது.

முதல் நாள் மத்தியானம் பன்னிரண்டரைக்கு பேட்டரியைச் சார்ஜில் வைத்துவிட்டு, அவர் கேசட் வாங்க ராஜபாளையம் போனார். ஒரு மணிக்கு, என் தங்கச்சி சம்சாத் பேகம் காய்ச்சலில் கிடக்கிறாள் என்று ஆள் வந்தது. பதறியடித்துக்கொண்டு கிளம்பினேன். கை தானாகப் போய் மெயினை இறக்கிவிட்டது. சத்தியமாகச் சொல்கிறேன், பேட்டரி ஞாபகமே எனக்கு இல்லை.

அஞ்சேகாலுக்குத் திரும்பி வந்து மெயினை ஏற்றினேன். சார்ஜரில் சிவப்பு விளக்கு எரிந்தது. யா அல்லாஹ்! அப்போதுதான் எனக்கு உறைத்தது. உள்ளறையில் அண்ணன் கொடுத்த கரண்ட் கடிகாரம் பன்னிரண்டு, பன்னிரண்டு என்று மினுக்கிக்கொண்டிருந்தது. கரண்ட் நின்று வந்தால் அது பன்னிரண்டிலிருந்துதான் மறுபடி ஓட ஆரம்பிக்கும். அதைச் சரியாக வைக்க எனக்குத் தெரியாது.

அரைமணி நேரத்தில் அவர் வந்துவிட்டார். ராத்திரி கல்யாண வீட்டில் தங்கல் என்பதால் மம்சாபுரம் பஸ்ஸைப் பிடிக்கிற அவசரம்.

"என்னட்டி, இன்னும் செகப்பு எரியுது?"

உண்மையைச் சொல்லியிருக்கலாம். கல்யாண வீட்டில் கரண்ட் உண்டு. சார்ஜரையும் தூக்கிக்கொண்டு போய் ராத்திரி அங்கே போட்டிருப்பார். அதெல்லாம் தெரிந்துதான் வாயைத் திறந்தேன். திட்டுவார் என்ற பயம்கூட இல்லை. அவர் சொன்னதுதான் சரி என்று ஆகிவிடுமே என்ற வீம்பு.

"மூணு மணிக்குச் செத்த நேரம் கரண்ட் போயிட்டு வந்துச்சு. அம்புட்டுத்தான்."

"அப்பம் நெறஞ்சிருக்கும். கரண்ட் நின்னு வந்தா செகப்பு மறுபடி எரியத்தான் செய்யும்" என்று பேட்டரியைக் கழற்றிக்கொண்டு ஓடினார். சார்ஜர் வீட்டிலேயே கிடந்தது.

மறுநாள் ரெண்டு மணிக்கு வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்தார். "தாலித் தட்டு சுத்தி வந்து, மாப்பிள தாலியக் கையில எடுக்கான், கேமரா அணைஞ்சிருச்சுட்டி."

"பேட்டரி பழசாயிருச்சோ என்னவோ" என்றேன். எவ்வளவு திமிர் எனக்கு! அவர் எழுந்து உள்ளறைக்குப் போய்ப் படுத்துக்கொண்டார். சாயங்காலம் நான் பார்த்தபோது கடிகாரம் சரியான நேரம் காட்டியது.

ஆறு மாதம் கழித்து வீரணன் லீவில் வந்தான். எங்கள் வீட்டு டிவி முன்னால் உட்கார்ந்து கேசட்டைப் பார்த்தான். தட்டு சுற்றி வந்தது. பெரியவர்கள் தாலியைத் தொட்டுக் கும்பிட்டார்கள். திரை வெளுத்துப்போனது.

"அடுத்த கேசட்டப் போடுங்கண்ணே" என்றான்.

"அடுத்தது இல்ல தம்பி. சார்ஜ் போட மறந்துட்டேன். என் தப்புதான்."

கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தேன். அவன் நாலு வார்த்தை வைதிருந்தால்கூட எனக்கு ஆறியிருக்கும். கேசட்டைப் பின்னால் ஓட்டிப் போடச் சொல்லி, அந்தத் தட்டு வருவதை இன்னொரு தடவை பார்த்துவிட்டு எழுந்து போனான்.

அந்தக் கல்யாணத்துக்குப் பிறகு இவர் வீட்டில் சார்ஜ் போட்டதே இல்லை. பஜாரில் மதார் சாகிப் ரேடியோ கடையில்தான் போடுவார். "அங்க கரண்ட் சீரா வருது" என்பார். நானும் அதை நம்பினேன்.

தொண்ணூற்றெட்டில் ஒருநாள், சேத்தூரில் ஒரு கல்யாணத்துக்கு ரெண்டு பேருமாகக் கிளம்பினோம். மெயினை இறக்கக் கையை நீட்டினேன். கை அப்படியே நின்றுவிட்டது. ஆறு வருஷமாக உள்ளே கிடந்ததை வாசலில் நின்றபடியே கொட்டிவிட்டேன்.

அவர் கதவைப் பூட்டிச் சாவியை இழுத்துப் பார்த்தார்.

"தெரியும்" என்றார்.

"எப்படி?"

"கடியாரம் சொல்லிருச்சு. அது பன்னெண்டுலருந்து ஓடுன நேரத்த எண்ணிப் பாத்தா, கரண்ட் அஞ்சேகாலுக்குல்லா வந்திருக்கு. நீ மூணு மணின்ன."

"தெரிஞ்சும் ஏன் கேக்கல? அந்தப் பையங்கிட்ட ஏன் பழிய நீங்க ஏத்துக்கிட்டிய?"

"பொண்டாட்டியக் காட்டிக் குடுக்கவா? நீயாச் சொல்லுவன்னு பாத்தேன். அன்னைக்கே சொல்லியிருந்தா ரெண்டு வசவு வைஞ்சிட்டு மறந்திருப்பேன்."

"இனிமே வீட்டுலயே சார்ஜ் போடுங்க. மெயினைத் தொடமாட்டேன்" என்றேன்.

"பஸ்ஸுக்கு நேரமாச்சு, வா" என்று கேமராப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு முன்னால் நடந்தார். சார்ஜர் அந்தப் பைக்குள்தான் இருந்தது.