சிம்மர்மான் வாசலில் குத்திய கத்தி

என் மகள் குளிர்காலம் முழுக்க இருமிக்கொண்டிருந்தாள். ஒரு காலையில் எங்கள் வாசற்படியில் மூடி போட்ட சின்ன மண்சட்டி இருந்தது. உள்ளே நாய்க்கொழுப்பு. நெஞ்சில் தடவினால் சளி இளகும். எங்கள் ஊரில் அது ஒருவரிடம்தான் கிடைக்கும். அவர் கை பட்டால் எங்கள் கதவுக்குத் தீட்டு என்று, தட்டாமலே போய்விட்டார்.

அவர் ஃபைட் ஷிண்டர். எங்கள் பாஷையில் ஷிண்டர் என்றால் தோலுரிப்பவன், சிம்மர்மான் என்றால் தச்சன். எங்கள் ஜனங்களுக்கு அப்பன் பாட்டன் செய்த தொழிலே குடும்பப் பெயராக ஒட்டிக்கொண்டது. ஊரில் செத்த மாடு, குதிரை எல்லாம் ஃபைடுக்குத்தான் சொந்தம். உரித்தபின் மிச்சத்தைப் புதைப்பார். மதுக்கடையில் மற்றவர்களுக்கு மூடி வைத்த குவளை; அவருக்கு மட்டும் மூடியில்லாத தனிக் குவளை, தனி முக்காலி.

அவருடைய ஒரே மகள் ஓட்டிலி காய்ச்சலில் இறந்தாள். சவப்பெட்டி தூக்க ஆள் கேட்டு, ஃபைட் தச்சர் சங்கத் தலைவர் குன்ஸ் சிம்மர்மான் முன்னால் தொப்பியைக் கழற்றி நின்றார்.

"உன் வீட்டுப் பிணத்தைத் தொட்டவனைச் சங்கத்துல வெச்சுக்க முடியுமாய்யா? உனக்குத்தான் வண்டி இருக்கே. செத்த குதிரைய இழுக்குற வண்டி, பொண்ண இழுக்காதா?" என்றார் குன்ஸ்.

அந்த வண்டியிலேயே ஃபைட் மகளை இழுத்துப் போனார்.

அடுத்த வசந்தத்தில் குன்ஸின் குதிரை செத்தது. மகனுக்குக் கல்யாணம் நெருங்கிய சமயம். ஷிண்டர் வண்டி வாசலில் நிற்கக்கூடாதென்று, குன்ஸ் தன் கையாலேயே அதைத் தோட்டத்தில் புதைத்தார். ஃபைடின் நாய் மண்ணைக் கிளறிக் காட்டிக்கொடுத்தது.

ஞாயிறு பூசை முடிந்து எல்லாரும் திரும்பும் நேரம், ஃபைட் தன் உரிகத்தியைக் குன்ஸ் வீட்டு வாசல் நிலையில் குத்தினார். தன் வேலையை எடுத்துக்கொண்டவன் வாசலில் அப்படிக் குத்துவது ஷிண்டரின் உரிமை. குத்தியவரே பிடுங்க வேண்டும். அதுவரை அந்த வீட்டுக்கு மானம் இல்லை. வேறு எவன் தொட்டாலும் அவனுக்கும் அதே கதி.

சங்கம் குன்ஸை விலக்கியது. பெண் வீட்டார் பின்வாங்கினார்கள். "குன்ஸ் ஷிண்டர் வர்றாரு, மூக்கைப் பொத்துங்கடா!" என்று தெருவே சிரித்தது.

இப்போது குன்ஸ் தொப்பியைக் கழற்றி நின்றார். "பிடுங்கிடு ஃபைட். என் பையன் முகத்தைப் பாரு."

"உங்ககிட்டதான் ஆளுங்க இருக்காங்களே ஐயா. கத்தியத் தூக்கச் சொல்லுங்க."

ஃபைடின் மனம் இளக வேண்டும் என்று நான் தினமும் ஜெபித்தேன். அவர் செய்தது தப்பு என்று சொல்ல மட்டும் எனக்கு வாய் வரவில்லை.

அறுவடைக்கு முன் அவர் ஊரை விட்டே புறப்பட்டார். வண்டியருகே போய், "கத்தியைப் பிடுங்கிட்டுப் போங்கண்ணே. மிச்சத்தை ஆண்டவர் பார்த்துக்குவாரு," என்றேன்.

"பார்த்துக்கட்டும்மா. என் வேலைய அவன் செஞ்சான், என் பேரையும் அவனே வெச்சுக்கட்டும். உன் மகளுக்கு மறுபடி இருமல் வந்தா, கொழுப்பு அவன்கிட்ட கேளு."