கல்யாணப் படத்துக்குப் பின்னால் ஒரு கடதாசி

இது நடந்து ஏழெட்டு வருடங்கள் இருக்கும். அப்போது நாங்கள் வெள்ளவத்தையில், கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒரு ஒழுங்கையில், ஒரு பெரிய வீட்டோடு ஒட்டிக் கட்டிய இரண்டு அறை அனெக்ஸில் வாடகைக்கு இருந்தோம். கல்யாணமாகி இரண்டாவது வருடம். ரயில் போகும்போதெல்லாம் அலுமாரியில் கோப்பைகள் கிலுகிலுக்கும். கடல் காற்றில் சாவி, கரண்டி, குடைக்கம்பி எல்லாம் துருப்பிடிக்கும். அப்படியிருந்தும் அந்த வீட்டை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் ஒரு சந்தோஷம் வரும். கொள்ளுப்பிட்டியில் வேலை முடிந்து நான் வர, இவர் பிளேன்டீ போட்டு வைத்திருப்பார். வாசற்படியில் இருந்து குடித்தபடி ஒன்றுமில்லாததையெல்லாம் கதைத்துக்கொண்டிருப்போம்.

இவர் வீட்டிலிருந்தே வெளிநாட்டுக்காரருக்கு இணையத்தளம் செய்து கொடுப்பவர். ஒருமுறை ஒருவர், கூலியைப் பிட்கொயின் என்ற இணையக் காசாகத்தான் தர முடியும் என்றார். இவரும் சரி என்றுவிட்டார். வந்த தொகை அன்றைக்குப் பெரிதில்லை. ஆனால் அதை எப்படி வைத்திருப்பது என்பதில்தான் எங்களுக்குள் வாக்குவாதம்.

பிட்கொயினுக்குச் சாவி மாதிரி ஒரு இரகசியத் திறப்பு உண்டு. ஆங்கில எழுத்தும் இலக்கமும் கலந்த ஐம்பத்தொரு எழுத்து. அதை வைத்திருப்பவர்தான் காசுக்குச் சொந்தக்காரர். அது தொலைந்தால் போய் முறையிட எந்த வங்கியும் இல்லை. அந்தத் திறப்பைப் பத்திரப்படுத்த ஹார்ட்வெயார் வாலட் என்ற சின்னக் கருவி இருக்கிறது, பென் டிரைவ் அளவு, வெளிநாட்டிலிருந்து எடுப்பிப்போம் என்றார் இவர். எனக்கு அந்தச் செலவு பிடிக்கவில்லை. கடதாசியில் அச்சடித்தும் வைக்கலாம், அதற்குப் பேப்பர் வாலட் என்று பெயர் என்று அவர் வாய்தவறிச் சொன்னதும் நான் பிடித்துக்கொண்டேன்.

"கருவி பழுதாப் போகும். கடதாசி பழுதாகுமோ? அம்மாவின்ர காணி உறுதிப் பத்திரம் ஐம்பது வருஷமா அப்பிடியே கிடக்கு," என்றேன்.

அவர் விட்டுக்கொடுத்தார். இணைய இணைப்பைக் கழற்றிவிட்டு, வீட்டுப் பிரின்டரில் ஒரேயொரு பிரதி எடுத்து, கணினியில் இருந்ததை அழித்தார். ஒளித்த இடமும் என்னுடைய யோசனைதான். சுவரில் மாட்டியிருந்த எங்கள் பெரிய கல்யாணப் படத்தைக் கழற்றிப் பார்த்தேன். படத்தின் ஓரங்களைப் பலகையில் ஒட்டியிருந்தார்கள். ஒரு ஓரம் விட்டிருந்தது. அந்த இடைவெளிக்குள் கடதாசியைச் செருகினேன். எந்தக் கள்ளனும் அங்கே தேடமாட்டான் என்று எனக்குப் பெருமை வேறு.

அடுத்த வருடம் நான் கர்ப்பமானேன். மழை தொடங்கியதும் அறைச் சுவரில் பூஞ்சணம் கறுப்பாகப் படர்ந்தது. இந்த ஈரத்தில் குழந்தையை வைத்திருக்க முடியாது என்று பாமன்கடையில் மூன்றாம் மாடியில் நல்ல காற்றோட்டமான வீடொன்று பார்த்தோம். அட்வான்ஸைக் கேட்டபோது தலை சுற்றியது. ஆனால் அந்த மாதங்களில் பிட்கொயின் விலை ஏறிக்கொண்டே இருந்தது. கடதாசியை எடுத்தால் போதும், அட்வான்ஸையும் கட்டி, பிள்ளைப்பேற்றுச் செலவையும் பார்க்கலாம்.

படத்தைக் கழற்றினோம். பின்பலகை ஊறிப் பொதுபொதுவென்று இருந்தது. பசை இளகி ஓடி, படம், கடதாசி, பலகை மூன்றையும் சேர்த்துப் பிடித்திருந்தது. இவர் ஒரு மூலையைப் பிடித்து மெல்ல இழுத்தார். நகத்தளவு துண்டு கிழிந்து கையோடு வந்தது. அப்படியே கையை எடுத்துவிட்டார்.

நான் அழத் தொடங்கினேன். கருவி வாங்குவோம் என்று அவர் சொன்னதை ஒரு வார்த்தை எடுத்துச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. பலகையின் பின்னால் ஒட்டியிருந்த சிட்டையைக் காட்டி, "இஞ்ச பாரும், பிரேம் போட்ட கடை கொட்டாஞ்சேனையில. நாளைக்குக் கொண்டுபோய்க் கேப்பம்," என்றார்.

மறுநாள் படத்தைப் படுக்கை விரிப்பில் சுற்றிக்கொண்டு பஸ் ஏறினோம். என் வயிற்றைக் கண்டு, "வாடிவென்ன அக்கே," என்று ஒரு சிங்களப் பெண் எழுந்து இடம் தந்தார். புறக்கோட்டையில் இறங்கி, த்ரீவீல் பிடித்துப் போனோம். கடை ஒரு அறைதான். சுவர் முழுக்க மாதா படங்களும், தேவாலயத்தில் முதல் நன்மை வாங்கிய பிள்ளைகளின் படங்களும். நாற்பது வயது மதிக்கத்தக்க ஓர் அக்கா கண்ணாடி வெட்டிக்கொண்டிருந்தார். கணவருக்குத் துறைமுகத்தில் வேலை, கடையைப் பார்ப்பது தான்தான் என்று பிறகு கதையோடு கதையாகச் சொன்னார்.

படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "இப்ப பிடுங்கினா எல்லாம் கிழிஞ்சிரும். ரெண்டு நாள் ஐஸ் பெட்டியில வைக்கணும். பசை இறுகிப் பொரிஞ்சு கழண்டுரும். விட்டுட்டுப் போங்க," என்றார்.

விட்டுவிட்டுப் போவதா? நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். அந்த எழுத்துகளைப் பார்க்கிறவர் யாராக இருந்தாலும் காசை எடுத்துவிடலாம். கைத்தொலைபேசியில் ஒரு படம் எடுத்தாலே போதும்.

"நாங்கள் இஞ்சயே இருந்து பாக்கலாமோ?" என்றார் இவர்.

"ரெண்டு நாளா?" என்று அக்கா சிரித்தார். "அப்பிடி என்னா இருக்கு அந்தக் கடதாசியில?"

எனக்கு வாயில் வந்தது பொய். "பிள்ளையின்ர சாதகம் அக்கா," என்றேன்.

அவர் என் வயிற்றைப் பார்த்தார். என் முகத்தைப் பார்த்தார். "பிறக்காத பிள்ளைக்கா?"

எனக்குக் காது வரை சுட்டது. அதற்குமேல் மறைக்கத் தெரியவில்லை. இருந்த உண்மையைச் சொல்லிவிட்டேன். இது எங்கள் காசு, எழுத்தைப் பார்த்தவர் எடுத்துவிடலாம், அதுதான் பயந்தோம் என்றேன். அவருக்குப் பிட்கொயின் விளங்கியிருக்காது. ஆனால் எங்கள் பயம் விளங்கியது. கோபித்து வெளியே போகச் சொல்லியிருந்தாலும் நியாயம்தான். அவரோ படத்தைப் பொலித்தீனில் சுற்றி, மேலே மண்ணிறக் கடதாசி போட்டு, நாலு பக்கமும் டேப் ஒட்டி, இவரிடம் பேனையை நீட்டினார். "டேப்புக்கு மேல குறுக்கால கையெழுத்து வைங்க தம்பி. பிரிச்சா தெரியும்ல," என்றார்.

அந்த இரண்டு நாளும் எங்களுக்கு நிம்மதியில்லை. திறப்பு இல்லாமல் காசை எடுக்க முடியாவிட்டாலும், எவ்வளவு இருக்கிறது என்று இணையத்தில் பார்க்கலாம். இவர் மணிக்கொரு தரம் பார்த்தார். நான் வேலையிடத்திலிருந்து போன் பண்ணி, "இருக்குதா?" என்று கேட்பேன். "ஓம், இருக்கு," என்பார். ஒவ்வொரு 'ஓம்'-க்கும் எனக்கு நிம்மதியும் வெட்கமும் சேர்ந்து வரும்.

மூன்றாம் நாள் காலை போனோம். கடைக்குப் பின்னால்தான் அவர் வீடு. அங்கே இருந்த பெரிய ஐஸ் பெட்டியில், உறைந்த மீன் பைகளுக்கு அடியிலிருந்து பொதியை எடுத்து வந்தார். இவருடைய கையெழுத்து டேப்பில் அப்படியே இருந்தது. அக்கா பொதியை மேசையில் வைத்து, மெல்லிய கத்தி ஒன்றை என்னிடம் தந்தார்.

"நானா?"

"தம்பி பதட்டத்துல கிழிச்சிருவாரு. நீங்கதான் செய்யணும். குளிர் விடுறதுக்குள்ள முடிக்கணும்." சொல்லிவிட்டு ஒரு ஸ்டூலை இழுத்து வாசலில் போட்டு, எங்களுக்கு முதுகைக் காட்டி, தெருவைப் பார்த்தபடி இருந்துகொண்டார்.

அங்கே இருந்தபடியே சொல்லித்தந்தார். கத்தியைச் சரிக்க வேண்டும், படத்தின் பக்கம் அழுத்தக் கூடாது, பொரிகிற சத்தம் கேட்டால் சரி, கிழிகிற சத்தம் கேட்டால் நிறுத்த வேண்டும். ஓரிடத்தில் சத்தம் மாறியது. எனக்குத் தெரியுமுன்னே அவர், "நிப்பாட்டுங்க! மத்தப் பக்கத்தால வாங்க," என்றார், திரும்பாமலே. இடையில் ஒருவர் பிரேம் போடக் கொடுத்த தன் படத்தை வாங்கிப்போக வந்தார். "பொட்டக் இன்ன," என்று சிங்களத்தில் சொல்லி அவரை வெளியிலேயே நிற்க வைத்தார். இருபது நிமிடம் இருக்கும். ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

முன்பு கிழிந்த வெற்று மூலையைத் தவிர, கடதாசி முழுதாக வந்தது. எழுத்துகளோடு அச்சடித்திருந்த, ஸ்கேன் பண்ணும் கட்டம் கரைந்து நீலக் கறையாகியிருந்தது. எழுத்துகளில் கடைசிப் பக்கம் மூன்று மட்டும் அழிந்திருந்தன. மற்றவை தெளிவாக இருந்தன. மூன்றுதான் என்றால் கண்டுபிடிக்கலாம் என்று இவர் துள்ளாத குறை. எந்த மூன்று எழுத்துப் பொருந்துகிறது என்று ஒன்றொன்றாக முயன்று பார்க்கக் கணினியிலே ஒரு சின்ன புரோகிராம் எழுதினார். அன்று பின்னேரமே திறப்பு கிடைத்துவிட்டது. எங்கள் காசு அப்படியே இருந்தது. நாங்கள் இருவரும் வீட்டு வாசற்படியில் இருந்து, தேநீரை ஆறவிட்டு, மாறிமாறிச் சிரித்தோம்.

அக்கா படத்துக்குப் புதிய பலகை போட்டுத் தந்தார். கண்ணாடிக்கும் பலகைக்கும் உள்ள காசைத்தான் வாங்கினார். மேலதிகமாகக் கொடுத்ததைத் திருப்பி என் கையில் அழுத்திவிட்டார்.

பாமன்கடைக்குப் போனோம். மகள் பிறந்தாள். மிச்சமிருந்த பிட்கொயினை இவர் சொன்ன கருவிக்கு மாற்றினோம். அந்தக் கருவி தொலைந்தாலும் பழுதானாலும் காசை மீட்க இருபத்துநான்கு சொற்கள் தருகிறது. அவற்றையும் கடைசியில் கடதாசியில்தான் எழுத வேண்டியிருந்தது! இந்த முறை நான் வாயைத் திறக்கவில்லை. அவரே பேனையால் இரண்டு பிரதி எழுதி, ஒன்றை யாழ்ப்பாணத்தில் என் தங்கையிடம் ஒட்டிய உறையில் கொடுத்தார்.

மகளுக்கு ஒரு வயதானபோது அவளுடைய படத்தைப் பிரேம் போட அந்தக் கடைக்குப் போனோம். அக்கா அவளைத் தூக்கி, "சாதகம் எழுதியாச்சா?" என்று கேட்டுச் சிரித்தார். அதற்குப் பிறகு போகக் கிடைக்கவில்லை. போன வருடம் அந்தப் பக்கம் போனபோது அங்கே போன் கவர் விற்றுக்கொண்டிருந்தார்கள். அக்கா குடும்பத்தோடு இத்தாலிக்குப் போய்விட்டார் என்றார் பக்கத்துக் கடைக்காரர். விலாசம் அவருக்கும் தெரியவில்லை.

கடதாசியா கருவியா என்று யாராவது கேட்டால், கருவிதான் என்று இப்போது நானே சொல்கிறேன். ஆனால் அந்த இருபது நிமிடம் நினைவுக்கு வரும்போதெல்லாம், தன்னைச் சந்தேகப்பட்ட இரண்டு பேருக்காக அந்த அக்கா முதுகைக் காட்டி இருந்ததுபோல, நான் யாருக்காவது ஒருநாளாவது இருந்திருக்கிறேனா என்று என்னையே கேட்டுக்கொள்கிறேன்.