அக்காவின் மேடும் எரிமலைக் குழம்பும்

புதுச்சேரியில் வீடு கட்டுகிறவர்களுக்கு ஒரே பயம்தான். ரோடு உயர்ந்துவிடும், மழைத்தண்ணீர் உள்ளே வந்துவிடும். பிரெஞ்சுக் குடியுரிமை உள்ளவரைக் கட்டிக்கொண்டு, பிரான்சுக்குச் சொந்தமான ரெயூனியோன் தீவுக்குப் போன என் அக்கா, அந்தப் பயத்தையும் பெட்டியோடு எடுத்துப் போனாள். எரிமலைச் சரிவில் வாங்கிய மனையில் லாரி லாரியாகக் கல்லும் மண்ணும் கொட்டி, ஆளுயரத்துக்கு மேடாக்கி, சுற்றிலும் கருங்கல் சுவர் வைத்துத்தான் வீட்டை எழுப்பினாள். சரிவில் தண்ணீர் எங்கே நிற்கும்? அத்தான் இன்றுவரை அதைச் சொல்லிச் சிரிக்கிறார்.

என் வேலை, எரிமலைக் குழம்பு எந்தப் பக்கம் பரவும் என்று கம்ப்யூட்டரில் ஓட்டிப் பார்ப்பது. நிலத்தின் மேடுபள்ளம், குழம்பின் சூடு, கெட்டித்தன்மை எல்லாவற்றையும் கொடுத்தால் அது போகும் வழியைக் காட்டும். இங்கே புதுச்சேரி கருவடிக்குப்பத்தில் உட்கார்ந்துகொண்டு எரிமலைக்கு வழி பார்க்கிறேன் என்றால் எங்கள் தெருவுக்கு வரும் காய்கறிக்காரம்மாகூட நம்புவதில்லை.

போன வருஷம் அந்த மலை வெடித்தது. மெதுவாக இறங்கிய குழம்பு அக்கா வீட்டுப் பக்கம் திரும்பியது. போலீஸ் வந்து வெளியேறச் சொல்லியும், தங்கச்சி சொல்லட்டும் என்று உட்கார்ந்திருந்தாள் மகராசி!

ஓட்டிப் பார்த்தேன். குழம்பு நேராக அவள் அடுப்படிக்குள் போனது. அப்புறம்தான் உறைத்தது, என்னிடம் இருந்த மேப் பழசு. அதில் அக்காவின் மேடே இல்லை. அதைச் சேர்த்து மறுபடி ஓட்டினேன். குழம்பு சுவர் வரை வந்து, ஒதுங்கி, பக்கத்து ஓடைப் பள்ளத்தில் இறங்கியது. அப்பாடா!

உள்ளதை அக்காவிடம் போனில் சொன்னேன். அங்கேதான் வினை வந்தது.

“பாத்தியாடி என் மேட்ட! அப்ப நான் ஏன் போவணும்?”

“கெளம்புக்கா, இப்பவே.”

“நீதான வூடு தப்பிக்கும்னு சொன்ன?”

“சொன்னேன். கெளம்பு.”

என்னைத் திட்டிக்கொண்டே கிரைண்டரைத் தூக்கிக் காரில் வைத்துக்கொண்டு கிளம்பினாள்.

இரண்டு நாள் கழித்துப் போட்டோ அனுப்பினாள். சுவரை உரசிக்கொண்டு கறுத்துக் கிடந்தது குழம்பு. ஓரத்து வாழைகள் கருகியிருந்தன. வீட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. எனக்குத் தலைகால் புரியவில்லை. காய்கறிக்காரம்மாவை நிறுத்திக் காட்டினேன். பின்னாலேயே அக்காவின் போன்.

“நீ சொன்ன மாதிரியேதான் போயிருக்குது. அப்பறம் என்னாத்துக்குடி என்ன கிரைண்டர தூக்கிக்கினு அலைய வெச்ச?”

“வூட்டுக்குன்னா என் கணக்க நம்புவேன்க்கா. உனக்குன்னா நம்ப மாட்டேன்.”

“சாப்ட்டியாடி?” என்று கேட்டாள் அக்கா.